ஓர் இரவு, இரண்டு வேளை

பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பில் கூட்டம்.
குழந்தைகளின் பெஞ்சில்
முழங்கால் மோவாயில் இடிக்க
இருபத்திரண்டு பேர்.
நான் குறிப்பெழுத வந்தவள்,
மாவட்ட அலுவலகத்தின் பச்சை நோட்டோடு.

திபிலீசியிலிருந்து கொண்டுவந்த வரைபடத்தை
நுக்ஸார் கரும்பலகையில் ஒட்டினார்.
டேப் பிடிக்கவில்லை; சாக்பீஸ் தூசி.
இரண்டு சிறுவர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்ள
காக்கசஸ் மலை
லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்று நீலக் கோடுகள். நடைபாதைகள்.
கோபுரம், அருவி, பனியாறு.
"வருஷத்துக்கு நாலாயிரம் பேர்" என்றார்.
நாலாயிரம் என்ற சொல்
அடுப்பை ஒருமுறை சுற்றிவிட்டு
யார் மடியிலும் உட்காராமல் நின்றது.

ஜும்பேர் எழுந்து போய்
மூக்கு தாளில் படுமளவு குனிந்து பார்த்தார்.
"இந்தக் கோடு என் புல்லின்மேல் நடக்கிறது.
ஜூலையில் இடுப்பளவு நிற்கும்.
நாலாயிரம் பேர் மிதித்தால்
பனிக்காலத்தில் என் மாடு
உங்கள் வரைபடத்தையா தின்னும்?"
கவனத்தில் கொள்ளப்படும் என்றார் நுக்ஸார்.
கவனத்தில் கொள்ளப்படும், எழுதினேன்.

கழிவறைத் தண்ணீர் எங்கே போகும், மக்வாலா கேட்டாள்.
கொள்ளப்படும்.
ஏழாவது வளைவில் பாதி ரோடு ஆற்றில் கிடக்கிறதே,
வேன் ஓட்டும் கோச்சா கேட்டான்.
கொள்ளப்படும்.
என் பேனா அந்தச் சொல்லுக்குப் பழகிவிட்டது.
கேள்வி முடியுமுன்பே
எழுதத் தொடங்கியிருந்தது.

பதில் சொன்னது ஏழாவது வளைவுதான்.
மாலை ஐந்து மணிக்கு
மீதிப் பாதியும் சரிந்தது.

அன்றிரவு மக்வாலா வீட்டில் தங்கினோம்.
இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி,
நுக்ஸாருக்கு நாலு கம்பளி.
கழிவறை மாட்டுக் கொட்டிலுக்கு அப்பால்;
நள்ளிரவில் டார்ச்சோடு போனவர்
திரும்பி வந்து நெடுநேரம் பேசவில்லை.
காலையில் அவரே கேட்டார்:
"அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?"

பிறகு ரசீது கேட்டார்.
ரசீதா? மக்வாலா சிரித்தாள்.
படியேறி வந்தவர் விருந்தாளி.
விருந்தாளிக்குக் கணக்கெழுதிய கை
மறுநாள் மாவு பிசையுமா?
"எழுதாவிட்டால் அரசாங்கம் பணம் தராது."
"தராவிட்டால் போகட்டும்."
"நீங்கள் விலை சொல்லாவிட்டால்
தலைநகரத்துக் கம்பெனி ஒன்று வந்து சொல்லும்.
உங்கள் ரொட்டிக்கும் சேர்த்து."

அவள் கை மாவோடு நின்றது.

பச்சை நோட்டில் ஒரு தாள் கிழித்துக் கொடுத்தேன்.
ஓர் இரவு, இரண்டு வேளை.
அதற்கெதிரே நாற்பது என்று எழுதி, அடித்து, முப்பது என்றாள்.
எட்டிப்பார்த்த ஜும்பேர் கத்தினார்:
"முப்பதா? சந்தையில் கட்டி என்ன விலை தெரியுமா?"
கோச்சா வந்தான். அவன் மாமியார் வந்தாள்.
விறகு, கம்பளி துவைக்கும் சோப்பு,
அறுபது, எழுபது, வெட்கமில்லையா, ஐம்பத்தைந்து.
நேற்று மூன்று மணி நேரம் நடக்காத கூட்டம்
சமையலறையில் நடந்துகொண்டிருந்தது.
நான் குறிப்பெழுத மறந்துவிட்டேன்.

மத்தியானம் புல்வெளிக்குப் போனோம்.
என் பென்சிலை வாங்கி ஜும்பேர்
நீலக் கோட்டிலிருந்து ஒரு கிளை இழுத்தார்:
கல்சுவரை ஒட்டி, ஓடையைத் தாண்டி, ஒரு சுற்று.
நுக்ஸார் தன் நகரத்து ஷூவோடு அதை நடந்து பார்த்தார்.
பதினெட்டு நிமிஷம் அதிகம்.
ஓடையில் வழுக்கி உட்கார்ந்தார்;
அதையும் நான் எழுதவில்லை.

ரசீது அமைச்சகத்திலிருந்து திரும்பி வந்தது,
இந்தச் செலவுக்குத் தலைப்பில்லை என்று.
ஐம்பத்தைந்தும் அவர் கைப்பணம்.
கழிவறை வந்தது,
சொன்ன இடத்துக்கு நாற்பது அடி தள்ளி.
ஏழாவது வளைவில் மண்ணைக் கொட்டிச்
சிவப்புக் கொடி ஒன்று நட்டிருக்கிறார்கள்.
கோச்சா அதைத் தினமும் திட்டிக்கொண்டே கடக்கிறான்.

அச்சான வரைபடம் மே மாதம் கிடைத்தது.
ஒரே ஒரு பாதை மட்டும் புள்ளிக்கோடு.
கீழே பொடி எழுத்தில்:
புல் அறுக்கும்வரை சுவரோரம் சுற்றிப் போகவும்.
அறுத்தாயிற்றா என்று
ஜும்பேரைக் கேட்கவும்.